ஒரு பெயர், இரண்டு பேர்: கலைஞர் இணைகளுக்கு நல்கையும் விருதும் வந்துசேரும் வழி

காட்சிக்கலைஞர்கள் இருவர் சேர்ந்து ஒரே பெயரில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய கண்காட்சிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு ஆண்டு ஏதோ ஒரு அறக்கட்டளையின் நல்கை (கிராண்ட்), இன்னொரு ஆண்டு ஒரு விருது, நடுவில் இரண்டு ரெசிடென்சி (ஓரிடத்தில் தங்கி வேலை செய்யும் வாய்ப்பு), ஒரு ஃபெல்லோஷிப் (காலத்துக்கும் ஆய்வுக்குமான ஆதரவு). அதைப் பார்க்கிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். 'இத்தனை வாங்கியிருக்கிறார்களே, நல்ல வசதியாக இருப்பார்கள்.' 'ஆள் பழக்கம் இல்லாமல் இதெல்லாம் கிடைக்காது.' 'இரண்டு பேர் என்பதால் இரண்டு மடங்கு வந்திருக்கும்.'

முதலாவதும் மூன்றாவதும் அநேகமாக எப்போதுமே தவறு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பேசுகிறவர்கள் நினைக்கிற விதத்தில் இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் தவறான புரிதலால் நிஜமாகவே நஷ்டப்படுகிறவர்கள், இப்போதுதான் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள். நல்கை என்பது பெயர் எடுத்தவர்களுக்குத்தான் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அல்லது விருதுக்கு எழுதுவதுபோல நல்கைக்கு எழுதிவிட்டு, ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாமலே சோர்ந்துபோகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை அடியிலிருந்து எழுதுகிறேன்.

## உதவித்தொகையும் பதக்கமும்

மேற்படிப்புக்குச் சேரும் ஒரு மாணவிக்கு உதவித்தொகை கிடைக்கிறது. அவள் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. இவள் படித்து முடிப்பாள் என்ற நம்பிக்கையில் பணத்தை முன்கூட்டியே தருகிறார்கள். அந்தப் பணம் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தங்குவதற்கும் போய்விடும். ஆண்டு முடிவில் மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும். சில ஆண்டுகள் கழித்து, பட்டமளிப்பு விழாவில் அதே மாணவிக்கு ஒரு பதக்கமும் கொஞ்சம் பரிசுப் பணமும் தருகிறார்கள். அது முடித்த படிப்புக்கு. அந்தப் பணத்தை என்ன செய்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

நல்கை முதலாவதைப் போன்றது, விருது இரண்டாவதைப் போன்றது. ஒன்று வருங்கால வேலையைப் பார்த்து வருகிறது, மற்றது முடிந்த வேலையைப் பார்த்து வருகிறது.

இப்போது அதே வகுப்பில் இரண்டு மாணவிகள் சேர்ந்து ஒரே விடைத்தாள் எழுதித் தருகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் யாருக்கு? உதவித்தொகை யாருடைய வங்கிக் கணக்குக்கு? பதக்கத்தில் யார் பெயரைப் பொறிப்பது? கலைஞர் இணைகள் தொழில் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விகளோடுதான் காலம் தள்ளுகிறார்கள். கலை உலகின் நிதி அமைப்புகளில் பெரும்பாலானவை ஒரு ஆள், ஒரு பெயர், ஒரு கையெழுத்து என்ற கணக்கில் கட்டப்பட்டவை. இருவர் வந்து நின்றால் விதிகள் தடுமாறுகின்றன.

## நல்கை: இன்னும் செய்யாத வேலைக்கான பணம்

நல்கை என்பது திருப்பித் தர வேண்டாத, ஆனால் ஒரு நோக்கத்துக்காகத் தரப்படுகிற பணம். கிராண்ட், மானியம் என்றும் சொல்வார்கள். தருவது அரசின் கலை மன்றமாக இருக்கலாம், தனியார் அறக்கட்டளையாக இருக்கலாம், மறைந்த ஒரு கலைஞரின் சொத்திலிருந்து உருவான அமைப்பாகவும் இருக்கலாம். அமெரிக்க ஓவியர் லீ க்ராஸ்னர் 1984-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 1985-இல் பொல்லாக்-க்ராஸ்னர் அறக்கட்டளை தொடங்கியது. படைப்பின் தரத்தையும் கலைஞரின் பணத் தேவையையும் சேர்த்துப் பார்த்து அது நல்கை தருகிறது.

அரசியலும் இதில் உண்டு. 1990-களின் நடுவில், அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் தனிக் கலைஞர்களுக்கு நேரடியாகத் தந்துவந்த நல்கைகளில் பெரும்பகுதியை அந்த நாட்டு நாடாளுமன்றம் நிறுத்திவிட்டது. அந்த இடைவெளியை நிரப்ப 1999-இல் கிரியேட்டிவ் கேபிடல் என்ற தனியார் அமைப்பு வந்தது. ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் வரை தருகிறது. எனவே ஒரு கலைஞருக்கு ஒரு காலகட்டத்தில் நல்கையே கிடைக்கவில்லை என்றால், அவர் திறமை குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். தருகிற கதவு அப்போது மூடியிருந்திருக்கலாம்.

நல்கை விண்ணப்பத்தில் ஐந்து விஷயங்கள் கேட்கப்படும்: என்ன செய்யப்போகிறீர்கள், ஏன், எவ்வளவு காலத்தில், எவ்வளவு செலவில், இதற்கு முன் செய்த வேலைகளின் மாதிரி. கிடைத்தால் பணம் பெரும்பாலும் தவணையாக வரும். முதல் தவணை வேலை தொடங்க, கடைசித் தவணை முடிவறிக்கை தந்த பிறகு. பல அமைப்புகள் மொத்தச் செலவையும் ஏற்பதில்லை, ஒரு பகுதியை வேறு இடத்திலிருந்து திரட்டச் சொல்லும்.

அப்படி வந்த பணம் எங்கே போகிறது? கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு இணைக்கு 100 பங்கு நல்கை வருகிறது. ஒரு பெரிய நிறுவல் படைப்பு, அதாவது ஒரு அறையையே கலைப்பொருளாக மாற்றுகிற வகைப் படைப்பு, செய்யப்போகிறார்கள். பொருட்களுக்கு 35. பட்டறை வாடகைக்கு 20. ஏற்றிச் செல்லவும் காப்பீட்டுக்கும் 15. மின்வேலை, தச்சுவேலை தெரிந்தவர்களின் கூலிக்கு 10. படமெடுத்து ஆவணப்படுத்த 5. மிச்சம் 15. அதுதான் கலைஞர் ஊதியம். இரண்டு பேர் என்பதால் ஆளுக்கு ஏழரை. எட்டு மாத வேலைக்கு அதுதான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிற பணம். அறிவிப்பில் 100 என்று பார்த்த நாம் ஏழரையை யோசிப்பதே இல்லை.

ஒரே விண்ணப்பம், ஒரே திட்டம், ஒரே தொகை. அதனால்தான் இரண்டு மடங்கு என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. இருவர் செய்கிறார்கள் என்பதற்காகத் தொகையை உயர்த்தும் அமைப்புகள் உண்டு. பொதுவாக அப்படி நடப்பதில்லை. விண்ணப்பிக்கும் முன் விதிகளில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான்.

எல்லா நல்கையும் ஒரு திட்டத்தோடு கட்டப்பட்டதும் அல்ல. 'உங்கள் வேலையைத் தொடருங்கள், எப்படிச் செலவழிப்பது என்பது உங்கள் விருப்பம்' என்று தருவதைக் கட்டற்ற நல்கை என்கிறார்கள். வாடகை, மருத்துவம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் என எதற்கும் அதைச் செலவிடலாம். என்னைக் கேட்டால், ஒரு இணை தொடர்ந்து சேர்ந்திருக்க மிக அதிகம் உதவுவது இந்த வகைதான். ஏனென்றால் இணைகள் கலைக் கருத்து வேறுபாட்டால் பிரிவதைப் போலவே, இருவரில் ஒருவர் வேறு வேலைக்குப் போயே ஆகவேண்டிய நிலையாலும் பிரிகிறார்கள்.

சுருக்கமாக: நல்கை வேலைக்கு முன் வருகிறது. பெரும்பகுதி வேலைக்குள்ளேயே கரைகிறது. கணக்கும் அறிக்கையும் காட்ட வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரு தொகைதான்.

## விருது: தாமதமாக வரும் அங்கீகாரம்

விருது என்பது முடிந்த வேலைக்கான மரியாதை. பெரிய விருதுகளில் பலவற்றுக்கு நாமாக விண்ணப்பிக்கவே முடியாது. பரிந்துரையாளர்கள், அதாவது பெயர்களை முன்மொழிய அழைக்கப்பட்டவர்கள், பெயர்களைத் தருவார்கள். நடுவர் குழு அதிலிருந்து ஒரு குறும்பட்டியல் தயாரிக்கும். கடைசியில் ஒரு பெயர் அறிவிக்கப்படும். அமெரிக்காவின் மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப்பில் பரிந்துரைப்பவர் யார் என்பதே ரகசியம். தேர்வானவருக்குத் தொலைபேசி வரும்போதுதான் விஷயமே தெரியும். இப்போது அதன் தொகை 8 லட்சம் டாலர், ஐந்து ஆண்டுகளில் பிரித்துத் தருகிறார்கள், எந்த அறிக்கையும் கேட்பதில்லை. பெயர் ஃபெல்லோஷிப் என்றிருந்தாலும், நடைமுறையில் அது விருதுக்கும் கட்டற்ற நல்கைக்கும் நடுவில் நிற்கிறது.

விருதைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அது வரும் நேரம். சில இணைகளின் காலக்கணக்கைப் பாருங்கள்.

கில்பர்ட்டும் ஜார்ஜும் 1967-இல் லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் சந்தித்தவர்கள். பிரிட்டனின் முக்கியமான கலைப் பரிசான டர்னர் பரிசு 1984-இல் தொடங்கியது. முதல் ஆண்டே அவர்கள் பெயர் பட்டியலில் இருந்தது, பரிசு 1986-இல்தான் கிடைத்தது. சந்தித்ததிலிருந்து 19 ஆண்டுகள். சுவிட்சர்லாந்தின் பீட்டர் ஃபிஷ்லியும் டேவிட் வைஸும் 1979-இல் சேர்ந்து வேலை தொடங்கினார்கள். வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்க விருது கிடைத்தது 2003-இல். 24 ஆண்டுகள். ஜெர்மனியின் பெர்ண்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959-இலிருந்து தண்ணீர்த் தொட்டிகளையும் இரும்பு உருக்கும் உலைகளையும் சலிக்காமல் படமெடுத்தவர்கள். அவர்களுக்குத் தங்கச் சிங்கம் வந்தது 1990-இல். 31 ஆண்டுகள். அதுவும் சிற்பப் பிரிவில்! கைவிடப்படவிருந்த தொழிற்சாலைக் கட்டுமானங்களைப் பெயரறியாத சிற்பங்களாகப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தப் பார்வையை நடுவர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்த 19, 24, 31 ஆண்டுகளில் கலைஞர்களை எது தாங்கிப்பிடிக்கிறது? படைப்பு விற்பனை, ஆசிரியப் பணி, சின்னச் சின்ன நல்கைகள், சில நேரம் குடும்பத்தின் பொறுமை. ஒரு இணையின் வாழ்க்கைக் குறிப்பில் விருதுகளை மட்டும் எண்ணுகிறவர் இந்த நீண்ட நடுப்பகுதியைத் தவறவிடுகிறார்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. விருதுப் பணத்துக்கும் நல்கைப் பணத்துக்கும் பல நாடுகளில் வரி உண்டு. அந்தந்த நாட்டு விதி வேறு, ஆனால் அறிவித்த தொகை அப்படியே கைக்கு வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

## நடுவில் இருக்கும் சில வடிவங்கள்

ரெசிடென்சி என்பது தங்கி வேலை செய்யும் வாய்ப்பு. ஸ்டூடியோ, தங்குமிடம், சில இடங்களில் மாதப் படி. இணைகள் கேட்க வேண்டிய கேள்வி: படி ஒன்றா, இரண்டா? அறை இருவருக்குமா? ஃபெல்லோஷிப் என்பது ஒரு ஆளின் காலத்துக்கும் ஆய்வுக்கும் தரும் ஆதரவு. ஒப்பந்தப் படைப்பு என்பது, ஒரு அருங்காட்சியகமோ நகராட்சியோ 'எங்களுக்காக இதைச் செய்து தாருங்கள்' என்று பணம் தந்து செய்விப்பது. இது உதவி அல்ல, வேலை. ஆனாலும் வாழ்க்கைக் குறிப்புகளில் இவை எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கப்படுவதால்தான் குழப்பம் வருகிறது.

## தாளில் இருவரை ஒருவராக்குவது

இனி அந்த இரண்டு மாணவிகளின் விடைத்தாளுக்கு வருவோம்.

விண்ணப்பப் படிவத்தில் 'பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். பல அமைப்புகள் இருவரில் ஒருவரை முதன்மை விண்ணப்பதாரராகக் காட்டச் சொல்லும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அவர், பணம் வருவது அவர் கணக்குக்கு, வரி அதிகாரியின் கண்ணில் படுவதும் அவர் பெயர்தான். இதற்கு மாற்றாக இருவரும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்யலாம். அப்போது 'தனிக் கலைஞர்களுக்கு மட்டும்' என்ற நல்கைகள் கைவிட்டுப் போகும் வாய்ப்பு உண்டு. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

வயது வரம்பு இன்னொரு சிக்கல். டர்னர் பரிசுக்கு நீண்ட காலம் 50 வயதுக்குக் கீழ் என்ற விதி இருந்தது, 2017-இல்தான் அதை எடுத்தார்கள். இளம் கலைஞர்களுக்கான நல்கைகளில் இப்படிப்பட்ட வரம்புகள் சாதாரணம். இணையில் ஒருவர் வரம்புக்குள், மற்றவர் வெளியே என்றால், பல இடங்களில் இருவருமே வெளியேதான்.

குடியுரிமையும் அப்படியே. அரசுக் கலை மன்றங்கள் தம் நாட்டவருக்கோ தம் நாட்டில் வசிப்பவருக்கோதான் தரும். மைக்கேல் எல்ம்கிரீன் டென்மார்க்காரர், இங்கர் ட்ராக்செட் நார்வேக்காரர். இருவரும் பெர்லினைத் தளமாகக் கொண்டு இணையாக வேலை செய்பவர்கள். இவர்கள் எந்த நாட்டின் கலைஞர்கள்? 2009 வெனிஸ் பினாலேயில் டென்மார்க் அரங்கையும் நார்டிக் நாடுகளின் அரங்கையும் பக்கத்துப் பக்கத்து வீடுகளின் கதைபோல இணைத்து அவர்கள் கண்காட்சி அமைத்தார்கள். இரண்டு நாடு என்பது அங்கே அவர்களுக்குப் பலமாக அமைந்தது. விண்ணப்பக் கட்டத்தில் அதே விஷயம் தடையாகலாம்.

இதையெல்லாம் விட ஆழமான சிக்கல், யாருக்குப் பெருமை என்பது. பெக்கர் தம்பதியைப் பற்றி மேலே சொன்னேன். இருவரும் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் சேர்ந்து வேலை செய்திருந்த நிலையில், 1976-இல் டூசல்டார்ஃப் கலைக் கழகத்தில் புகைப்படப் பேராசிரியர் பதவி வந்தது, பெர்ண்ட் பெயருக்கு. ஹில்லா அந்தக் கற்பித்தலில் கூடவே இருந்தவர். பதவி என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. பின்னால் வந்த எராஸ்மஸ் பரிசும் (2002) ஹாசல்பிளாட் விருதும் (2004) இருவர் பெயருக்கும் சேர்ந்தே வந்தன.

கட்டடக்கலையில் இதைவிடக் கசப்பான கதை உண்டு. 1991-இல் பிரிட்ஸ்கர் பரிசு ராபர்ட் வெஞ்சூரிக்கு மட்டும் தரப்பட்டது. பல ஆண்டுகளாக அவரோடு சமமாக வேலை செய்த மனைவி டெனிஸ் ஸ்காட் பிரௌன் பெயர் இல்லை. 2013-இல் ஹார்வர்ட் மாணவிகள் கையெழுத்து இயக்கம் நடத்தி அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். பழைய நடுவர் குழுவின் முடிவை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அதே பரிசு 2001-இல் ஹெர்ட்சாக், டி மெயூரான் என்ற ஆண்கள் இருவருக்குச் சேர்த்தே தரப்பட்டிருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்த இணையில் மறக்கப்படுவது பெரும்பாலும் பெண் பெயர்தான் என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

கட்டடங்களைத் துணியால் போர்த்துவதுபோன்ற பெரிய திறந்தவெளிப் படைப்புகளைச் செய்த தம்பதி கிறிஸ்டோவும் ஜான்-க்ளோடும் இதைத் தாங்களே சரிசெய்தார்கள். பல ஆண்டுகள் 'கிறிஸ்டோ' என்ற ஒற்றைப் பெயரில் வந்த திறந்தவெளிப் படைப்புகள் அனைத்தையும், 1994-இல் பின்தேதியிட்டு இருவர் பெயருக்கும் மாற்றினார்கள். இன்னொரு வழி கனடாவின் ஜேனட் கார்டிஃப், ஜார்ஜ் பியூரஸ் மில்லர் இணையுடையது. 2001 வெனிஸ் பினாலேயில் கனடா அரங்கில் சிறப்பு விருது வாங்கிய படைப்பு இருவர் பெயரில். அதே 2001-இல் வெளிவந்த, நாற்பது ஒலிபெருக்கிகளில் நாற்பது குரல்கள் ஒலிக்கும் படைப்பு கார்டிஃப் பெயரில் மட்டும். எது கூட்டு, எது தனி என்று படைப்புக்குப் படைப்பு பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் நேர்மையான முறையாகப் படுகிறது. விண்ணப்பம் படிக்கிறவருக்கும் குழப்பம் இல்லை.

சுருக்கமாக: சுவரில் ஒரு பெயர். தாளில் இரண்டு வயது, இரண்டு குடியுரிமை, இரண்டு வரி எண். அமைப்புகளின் விதி இதில் எதைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கதவு திறக்கிறது.

## தேர்வு அறையில் நடப்பது

ஆள் பழக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு இப்போது வருகிறேன். பல கலை மன்றங்களில் முடிவெடுப்பது அதிகாரிகள் இல்லை, வெளியிலிருந்து அழைக்கப்படும் கலைஞர்களும் கண்காட்சி அமைப்பாளர்களும். இதைச் சக கலைஞர் மதிப்பீடு என்கிறார்கள். வேலை தெரிந்தவர் வேலையை எடைபோட வேண்டும் என்பது இதன் நியாயம். துறை சின்னது என்பதால் நடுவருக்கும் விண்ணப்பதாரருக்கும் அறிமுகம் இருக்கத்தான் செய்யும். அதனால் நெருங்கிய தொடர்பு உள்ளவர் அந்த விண்ணப்பம் பேசப்படும்போது விலகி இருக்க வேண்டும் என்று விதி வைக்கிறார்கள்.

அந்த விதி முழுப் பாதுகாப்பு அல்ல. நடுவர் ஒருவர் உங்கள் கண்காட்சியை ஏற்கெனவே பார்த்திருந்தால், காகிதத்தில் மட்டும் பார்க்கிற இன்னொருவரைவிட உங்களுக்குக் கொஞ்சம் அனுகூலம்தான். இதைப் பழக்கம் என்று சொல்வதைவிட, கண்ணில் பட்டிருப்பது என்று சொல்லலாம். நகரத்துக்கு வெளியே, பெரிய கண்காட்சிகளுக்கு எட்டாத தூரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது உண்மையான அநீதி. அதை ஒத்துக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும்.

சரி, நடுவர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள்? படங்களை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். படம் மனதில் நின்றால்தான் எழுத்தைப் படிப்பார்கள். அதன் பிறகு, சொன்னதைச் செய்து முடிப்பார்களா என்று பட்ஜெட்டையும் கால அட்டவணையையும் பார்ப்பார்கள்.

இணை என்றால் கூடுதலாக ஒரு கேள்வி எழும்: காட்டப்படுகிற மாதிரிகள் சேர்ந்து செய்தவையா, தனித்தனியா? இருவருமே பத்து ஆண்டு அனுபவம் உள்ள நல்ல கலைஞர்களாக இருக்கலாம். போன ஆண்டுதான் சேர்ந்தார்கள் என்றால், இணை என்ற முறையில் அவர்கள் புதியவர்கள். பத்துப் படங்களில் ஐந்து இவருடையது, ஐந்து அவருடையது என்று அனுப்பினால் நடுவர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு கலைஞர்கள், ஒரு இணை தெரியாது. சேர்ந்து செய்தது மூன்றே படைப்பு என்றாலும் அந்த மூன்றையும் முன்னால் வைப்பது நல்லது. யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் ஒரு பத்தியில் தெளிவாக எழுதலாம். 'எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே செய்கிறோம்' என்பது உண்மையாக இருந்தால் அதையே எழுதலாம், ஆனால் எப்படி என்று சொல்ல வேண்டும்.

## ஒன்று இன்னொன்றை அழைத்துவருவது

ஒரு சின்ன நல்கை கிடைத்தால் ஒரு படைப்பு முடிகிறது. அந்தப் படைப்பு ஒரு கண்காட்சிக்குப் போகிறது. அங்கே பார்த்தவர் ஒரு ரெசிடென்சிக்கு அழைக்கிறார். அடுத்த விண்ணப்பத்தில் இவை எல்லாம் பட்டியலின் வரிகளாக ஏறுகின்றன. அடுத்த நடுவர் குழு அந்த வரிகளைப் பார்த்து, 'இவர்களை ஏற்கெனவே நான்கு பேர் நம்பியிருக்கிறார்கள்' என்று நினைக்கிறது.

லண்டனின் பென் லாங்லாண்ட்ஸ், நிக்கி பெல் இணை நல்ல உதாரணம். 2002-இல் பிரிட்டனின் போர் அருங்காட்சியகம் ஒப்பந்தப் படைப்புக்காக அவர்களை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது. அங்கிருந்து பிறந்த படைப்புகள் 2004-இல் டர்னர் பரிசுக் குறும்பட்டியல் வரை அவர்களைக் கொண்டுபோயின. ஒப்பந்தப் படைப்பு விருதின் வாசலைத் திறந்த கதை இது.

இருக்கிறவருக்கே மேலும் சேரும் இந்தப் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் அறிவியல் துறையை வைத்து விளக்கினார். கலைக்கும் அது பொருந்துகிறது. எனவே நீண்ட பட்டியல் உள்ள இணை, பட்டியலே இல்லாத இணையைவிட அத்தனை மடங்கு சிறந்தது என்று பொருள் இல்லை. முதல் வரி சீக்கிரம் விழுந்தது என்பதும் அதில் அடக்கம். அதனால்தான் முதல் வரியைத் தருகிற சின்ன நல்கைகளை நான் பெரிய விருதுகளைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

விருது அமைப்புகளும் மெல்ல மாறுகின்றன. டர்னர் பரிசின் 2021 குறும்பட்டியலில் இருந்த ஐந்து பெயர்களும் கூட்டாக வேலை செய்பவை. அவற்றில் குக்கிங் செக்‌ஷன்ஸ் என்பது இருவர் அணி. வென்றது பெல்ஃபாஸ்ட்டின் 11 பேர் கொண்ட அரே கலெக்டிவ், தொகை 25,000 பவுண்டு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 2,300 பவுண்டுகூட வராது. பிரான்சின் மார்செல் தூஷாம்ப் பரிசு 2012-இல் டேவர், ஜிக்கெல் இணைக்கும், 2017-இல் லெபனானின் ஜோனா ஹாஜிதோமாஸ், கலீல் ஜோரேஜ் இணைக்கும் போனது. பெயர்க் கட்டத்தில் இரண்டு பெயர் எழுதுவது இப்போது யாருக்கும் வியப்பாக இல்லை. தொகையில்தான் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது.

## நல்கையே வேண்டாம் என்ற இணை

நல்கை இல்லாமல் பெரிய வேலை செய்ய முடியாதா? முடியும் என்று கிறிஸ்டோவும் ஜான்-க்ளோடும் காட்டினார்கள். பெர்லினின் ரைக்ஸ்டாக் கட்டடத்தைத் துணியால் போர்த்தும் யோசனை 1971-இல் வந்தது, நடந்தது 1995-இல். நல்கையோ நிறுவன விளம்பர ஆதரவோ வாங்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. திட்டத்துக்காக வரைந்த ஓவியங்களையும் படத்தொகுப்புகளையும் விற்றுச் செலவைத் தாங்களே ஏற்றார்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற சுதந்திரத்துக்காக அப்படிச் செய்தார்கள்.

மதிக்க வேண்டிய வழி. ஆனால் விற்கக்கூடிய வரைபடங்கள் பிறக்கிற வகைக் கலை அவர்களுடையது, வாங்க ஆட்களும் இருந்தார்கள். நிகழ்த்துகலையோ ஒலிப்படைப்போ செய்கிற இணைக்கு விற்பதற்கு ஒன்றும் இருக்காது. அவர்களிடம் போய் 'கிறிஸ்டோவைப் பாருங்கள்' என்று சொல்வது நியாயமில்லை.

## பிரிய நேர்ந்தால்

மரினா அப்ரமோவிச்சும் உலாயும் 1976 முதல் 1988 வரை சேர்ந்து நிகழ்த்துகலை செய்தவர்கள். 1999-இல் கூட்டுப் படைப்புகளின் விற்பனை, பெயர் குறித்து ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அது மீறப்பட்டதாக உலாய் வழக்குப் போட, 2016-இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அவருக்கு இரண்டரை லட்சம் யூரோவுக்கும் மேல் தரச் சொன்னது. எந்தக் காலகட்டப் படைப்பில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

ஆடம் புரூம்பெர்க், ஆலிவர் சனாரின் இணை 2013-இல் டாய்ச்ச போர்ஸ் புகைப்படப் பரிசை, 30,000 பவுண்டு, வென்றது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான கூட்டு வேலைக்குப் பின் 2021-இல் அவர்கள் அந்த இணை 'இறந்துவிட்டது' என்று அறிவித்து, அதன் எஸ்டேட்டை, அதாவது இறந்தவர் விட்டுச்செல்வதுபோன்ற சொத்தை, கண்காட்சியாகவே வைத்தார்கள். ஆட்கள் இருவரும் உயிரோடு, இணை மட்டும் முடிந்தது.

நல்கை, விருது என்று பார்த்தால் இங்கே விஷயம் சிக்கலாகிறது. இணை பெயரில் வாங்கிய விருதைப் பிரிந்த பிறகு இருவருமே தங்கள் குறிப்பில் எழுதலாம், 'இன்னாருடன் சேர்ந்து' என்ற சொற்களோடு. பாதி முடிந்த நல்கைத் திட்டம் அப்படியில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதன்மை விண்ணப்பதாரர்தான் அறிக்கை தர வேண்டும். செய்யாத வேலைக்கு வாங்கிய தவணையைத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்வதும் அவர்தான், மற்றவர் விலகிப் போயிருந்தாலும்.

எனவே சேர்ந்து வேலை செய்யத் தொடங்குகிற இருவர், முதல் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு பக்கத்தில் சிலவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. பணம் யார் கணக்குக்கு வரும், வரியை யார் எப்படிப் பகிர்வது, கலைஞர் ஊதியம் சரிபாதியா, பெயர்களின் வரிசை என்ன, ஒருவர் தனியாகச் செய்த வேலையை இணையின் போர்ட்ஃபோலியோவில் (படைப்பு மாதிரிகளின் தொகுப்பில்) சேர்க்கலாமா, நடுவில் ஒருவர் விலகினால் ஓடிக்கொண்டிருக்கும் நல்கையை யார் முடிப்பது, பழைய படைப்பு பின்னால் விற்றால் பங்கு எப்படி. வக்கீல் மொழி தேவையில்லை, இருவருக்கும் ஒரே மாதிரி புரிகிற மொழியில் இருந்தால் போதும். தொகை பெரிதாகும்போது வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.